மதகடியில் தினம் ஒரு படம்

1858-ஆம் ஆண்டின் முற்பகுதியில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி தஞ்சாவூர்ப் பெரியகோயிலுக்குள் கேமராவைக் கொண்டுவந்து நிறுத்தினார். சென்னை மாகாண அரசு 1856-ல் அவரைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியிருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்திருந்தார். ராஜ்யத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்ட காலம். ரயில் கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து தண்டவாளம் தஞ்சாவூரை எட்ட 1861 ஆயிற்று. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பிய ட்ரைப், பெரிய மரக் கேமராவையும் ரசாயனங்களையும் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வந்தார். அந்தப் பயணத்தில் எடுத்த தஞ்சாவூர், திருவையாறு படங்கள் 1858-லேயே தனித் தொகுப்பாக வெளிவந்தன. காவிரிப் படுகையைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய புகைப்படங்களில் அவையும் சேர்த்தி.

அவற்றில் ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை ட்ரைப் துண்டு துண்டாகப் படம் பிடித்தார். கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்துவது, ஒரு படம். மறுபடி நகர்த்துவது, இன்னொரு படம். இப்படி 21 படங்களை எடுத்து ஒட்டிச் சேர்த்ததில் ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரு சுருள் கிடைத்தது. அதில் வானம் இல்லை, கோபுரம் இல்லை, கண்ணைக் கவர எதுவுமே இல்லை. கல், கல்மேல் எழுத்து, அவ்வளவுதான். எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்பது அன்று அநேகமாக யாருக்கும் தெரியாது. 1886-ல் சென்னை மாகாணக் கல்வெட்டாய்வாளராக வந்த ஹுல்ட்ஸ் அந்த எழுத்துகளை வாசித்துப் பதிப்பித்த பிறகுதான், இந்தக் கோயிலைக் கட்டியவன் ராஜராஜ சோழன் என்பது அசைக்க முடியாத உண்மையாக நிலைபெற்றது. கட்டியவர் யார் என்பதே தெளிவாகாத நாளில், வரும் காலத்துக்கு உதவட்டும் என்று வரி விடாமல் பதிந்து வைத்த பொறுமை ட்ரைப்புடையது.

அந்தப் பொறுமைக்கு அரசிடம் ஆயுள் குறைவாக இருந்தது. 1859-ல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், அரசுக்குப் புகைப்படக்காரர் என்பது ஆடம்பரச் செலவு என்று முடிவுகட்டினார். வேலை நின்றது.

ட்ரைப்பின் படங்களில் விமானம் இருக்கிறது, நந்தி இருக்கிறது, சுப்பிரமணியர் சந்நிதியின் நுணுக்கமான சிற்ப வேலை இருக்கிறது. ஆட்கள் அநேகமாக இல்லை. அந்த நாளில் நெகட்டிவ் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள நிமிடக்கணக்கில் ஆகும். நடந்து போகிறவர் படத்தில் விழவே மாட்டார்; நின்றவர் தலையை ஆட்டினால் முகம் கரைந்துவிடும். அதுவாவது கருவியின் குறை. அதைவிடப் பெரிய விடுதல் ஒன்று இருக்கிறது. பெரியகோயிலை நிற்கவைத்த நெல், கோயில் மதிலைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விளைந்துகொண்டிருந்தது. அந்த வயலை, வரப்பை, மதகை, நாற்று முடிச்சை, கேமரா வந்த முதல் நூறு வருஷத்தில் படமெடுக்க நினைத்தவர் மிகக் குறைவு. 1836-38-ல் முக்கொம்பில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டியபோது புகைப்படக் கலை இன்னும் உலகத்துக்கு வந்து சேரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகும் கேமரா அணைக்கும் கோயிலுக்கும் போனது, வாய்க்காலுக்கு வரவில்லை.

அடுத்த காலம் ஸ்டுடியோக்களின் காலம். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி என்று கடைத்தெரு உள்ள ஊரிலெல்லாம் ஒரு ஸ்டுடியோ வந்தது. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊர்ப் பெரிய மனிதரின் கேபினட் சைஸ் படம். உள்ளே துணியில் வரைந்த சீன். மலையே இல்லாத சமவெளியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பின்னால் மலையும் மாளிகைப் படிக்கட்டும் தெரிய, மரநாற்காலியில் கையை வைத்துக்கொண்டு நிற்கும். கதவைத் திறந்தால் வயல்தான்; ஆனால் வயலைப் பின்னணியாக வைத்துப் படமெடுத்துக்கொள்ள யாரும் காசு கொடுக்கவில்லை. அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. பொழுதெல்லாம் சேற்றில் நிற்கிறவருக்கு, வாழ்நாளில் எடுக்கும் ஒரே படத்திலும் சேறு எதற்கு?

ஃபிலிமின் கணக்கும் அப்படி. யாஷிகா மாதிரி இரட்டை லென்ஸ் கேமராவில் 120 ரோல் போட்டால் 12 படம். முப்பத்தைந்து எம்.எம். ரோல் என்றால் 36. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-லிருந்து உள்நாட்டிலேயே ஃபிலிம் தயாரித்துக் கொடுத்தது பெரிய உதவி. அப்போதும் ஒவ்வொரு ‘க்ளிக்’குக்கும் விலை இருந்தது. டெவலப் செய்யணும், ஹைப்போவில் போடணும், பென்சிலால் நெகட்டிவைத் தொட்டுத் திருத்தணும், பிரிண்ட் போடணும். அதனால் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று விசேஷத்துக்குத்தான் படம். எத்தனையோ கூலிக்காரக் குடும்பங்களில் தாத்தாவுக்கு இருக்கிற ஒரே படம், அவர் இறந்தபின் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு எடுத்தது. ஒரு ஆயுளின் வேலை எதுவும் படத்தில் இல்லை. முடிந்துபோன முகம் மட்டும் சுவரில் தொங்குகிறது.

அந்த ஸ்டுடியோக்களும் இப்போது பெரும்பாலும் இல்லை. கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவிவிட்டு வெறுங்கண்ணாடியாக விற்றார்கள். மீதி இருந்தவை ஈரத்தில் பூஞ்சை பிடித்தன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலில் பிரதி எடுத்தார்கள். அந்த வேலை இல்லாவிட்டால் மிச்சமும் போயிருக்கும்.

இன்று நடவு ஆள் இடுப்பில் செருகியிருக்கும் சின்னப் பையில்கூட போன் இருக்கிறது. க்ளிக்குக்கு விலை இல்லை. காலையிலிருந்து மாலைக்குள் ஒருவர் எடுக்கிற படம், அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் ஒரு மாதத்தில் எடுத்ததைத் தாண்டிவிடும். இவ்வளவு வசதி வந்தபிறகும் வாய்க்கால் படத்துக்குள் வந்துவிட்டதா என்றால், வந்ததாக நான் சொல்லமாட்டேன். பெரியகோயிலை எடுக்கிறோம், பச்சை வயலுக்கு நடுவே நின்று நம்மை எடுக்கிறோம். பச்சை வயல் என்பது வருஷத்தில் சில வாரம்தான். மற்ற நாளெல்லாம் அது வேறு நிறம்.

தினம் ஒரு படம் எடுக்கும் பழக்கத்துக்கு நான் வந்தது இந்த எண்ணத்தில்தான். வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு கிளை வாய்க்காலின் மதகு. அதன் கட்டைச் சுவரில் முழங்கையை ஊன்றினால் எதிரே வாய்க்கால், இடப்பக்கம் வயல், கோடியில் ஒற்றைப் பனை. காலையில் ஒரே நேரம், ஒரே உயரம், ஒரு படம். அங்கே ஆடு ஓட்டிவரும் ஒரு பாட்டி சில நாள் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, நேத்தும் இதத்தானே எடுத்தீங்க?” அவர் கேட்டது நியாயமான கேள்வி. நேற்றையதையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பத்து நாள் படங்களைச் சேர்த்துக் காட்டியபோது அவரே விரலை வைத்து, “இந்தா, இங்க பூட்டை கட்டுது” என்றார். நான் பார்க்காததை அவர் பார்த்தார். படம் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பாதி, படத்தைப் பார்த்தவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

நட்ட பயிர் முதல் சில நாள் வெளுத்துப்போய், பிழைக்குமா என்று சந்தேகப்பட வைக்கும். வேர் பிடித்ததும் பச்சை ஏறும். அதன் பிறகு தூர் வெடிக்கும், தொண்டைக்கதிர் தள்ளும், பால் பிடிக்கும், தலை சாயும். இதெல்லாம் எனக்கு வார்த்தையாகத் தெரியும். எந்த இரண்டு நாளுக்கு நடுவில் நடக்கிறது என்பது வரிசைப் படத்தில்தான் தெரிந்தது. ஆனி மாதம் பனைக்கு வடக்கே தள்ளி எழுகிற சூரியன், மார்கழியில் பனையைத் தாண்டித் தெற்கே வெகுதூரம் போய் எழுகிறது. நாலு ஊரில் நாலு அழகான சூரியோதயம் எடுத்தவருக்கு இது கிடைக்காது. இடத்தை மாற்றினால் படம் நன்றாக வரும். ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது. ட்ரைப்பின் அந்த 19 அடிச் சுருள் சொல்வதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். நிற்கிற முறை மாறாதபோதுதான், எதிரே இருப்பதில் மாறுவது எது என்று தெரியும்.

நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். 1979 மார்ச் 31-ல் தொடங்கி நாளுக்கு ஒரே ஒரு போலராய்டு படம் எடுத்தார். 1997 அக்டோபர் 25-ல் புற்றுநோயால் இறக்கும் நாள் வரை விடவில்லை. 6,000-க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் பெரும்பாலானவை நண்பர்கள், சாப்பாட்டு மேஜை, தெரு, சும்மா ஒரு சாயங்காலம். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பல படங்கள் சாதாரணம். தேதி வரிசையில் பார்க்கும்போது ஒரு மனிதரின் வாழ்க்கை முழுசாக இருக்கிறது. நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு வந்துவிடுகிறது. நாற்பது எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கும்போது பார்க்கிறதே இல்லை, அமுக்குகிறதுதான் நடக்கிறது.

படுகையில் வருஷத்தின் மிகப் பெரிய நாள், தண்ணீர் வரும் நாள். 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. அணை மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த எண். திறப்பு விழாப் படம் வருஷா வருஷம் பத்திரிகையில் வரும்: மதகின் மேல் நின்று மலர் தூவுகிறார்கள், கீழே நுரை. அந்தப் படம் எல்லா வருஷமும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் தேதி ஒன்றுபோல இல்லை. 2012-ல் செப்டம்பர் 17, 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2. 2020-ல் ஜூன் 12-லேயே திறந்தார்கள். 2022-ல் மே 24, 2024-ல் ஜூலை 28. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புதாறு, கொள்ளிடம் என்று பிரிந்து, கிளை ஆறு, வாய்க்கால், கன்னி என்று இறங்கி, கடைமடையைத் தொட வாரக்கணக்கில் ஆகும். சில வருஷம் தொடுவதே இல்லை.

பத்திரிகைப் படம் அணையில் திறந்த நாளைச் சொல்கிறது. என் மதகடிப் படம் தண்ணீர் வந்து சேர்ந்த நாளைச் சொல்கிறது. “ஆத்துல தண்ணி வந்துட்டு” என்று யாரோ சொல்லிக்கொண்டு சைக்கிளில் போவார். மறுநாளோ அதற்கு மறுநாளோதான் வாய்க்காலில் தலை காட்டும். முதல் தண்ணீர் தெளிவாக வராது. சருகு, சாணி, காய்ந்த ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, வெடித்த மண்ணின் பிளவுகளுக்குள் இறங்கி இறங்கி, ஆள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக வரும். இந்தக் காட்சியை எடுத்து ஆண்டுக்கு ஆண்டு பக்கத்தில் வைத்தால், படுகையின் பிரச்சினை என்ன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது. அந்த எண் எந்த வாய்க்காலில் எந்தத் தேதியில் தண்ணீராக மாறியது என்பதை ஊர் ஊராகப் பதிந்து வைத்தவர் நம்மில் எத்தனை பேர்?

மாறிய விஷயங்கள் வரிசைப் படத்தில் தாமாகவே தெரிகின்றன. தை மாதம் சம்பா முதிர்ந்து நிற்கும்போதே, அறுப்புக்குச் சில நாள் முன்னால், ஈரமண்ணில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஆட்கள் அரிவாளால் அறுத்து முடித்துப் போனதும், தாளுக்கு இடையில் உளுந்தின் இரட்டை இலை எட்டிப் பார்க்கும். ஒரு உழவு இல்லாமல், ஒரு மடை தண்ணீர் இல்லாமல், பனியிலேயே ஒரு விளைச்சல். அறுவடை மிஷின் வந்த பிறகு அதன் செயினும் சக்கரமும் முளையை நசுக்கிவிடுகின்றன. தெளிக்கிறவர் குறைந்துகொண்டே போகிறார்கள். மிஷினைக் குறை சொல்ல முடியாது. அறுப்புக்கு ஆள் இல்லை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்கிற விதி இருக்கும்போது, மழைக்கு முன் அறுத்துவிட வேண்டிய அவசரமும் இருக்கிறது. ஆனால் பழைய அறுப்பின் படத்தில் அரிக்கட்டு, களம், போர் அடிக்கிற மாடு, தூற்றுகிற பெண், மலைபோல வைக்கோல் போர் என்று ஒரு ஊரே இருந்தது. இன்றைய படத்தில் ஒரு மிஷின், ஒரு டிராக்டர், வரப்பில் நிற்கிற ஒருவர். மறுநாள் இன்னொரு மிஷின் வந்து வைக்கோலைச் சுருட்டி உருளையாகக் கட்டிவிட்டுப் போயிருக்கும்.

நடவும் மாறிவிட்டது. நடவு என்றால் பெண்கள் என்று இருந்த இடத்தில், சில வருஷமாக மேற்கு வங்கத்திலிருந்து வந்த இளைஞர்கள் கயிறு பிடித்து நடுகிறார்கள். படுகைக்குள் இப்படி ஒரு மாற்றம் வரும் என்று எந்த அறிக்கையும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

புதாற்றைப் பாருங்கள். கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய், நீளம் ஏறக்குறைய 148 கிலோமீட்டர், பெரியகோயிலை ஒட்டி ஊருக்குள் ஓடுகிறது. மண்கரையும் படித்துறையும் நாணலுமாக இருந்தது. 2021 பிப்ரவரி 14-ல் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டிப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். பல இடங்களில் கரையும் தரையும் கான்கிரீட் ஆகின. கடைமடைக்குத் தண்ணீர் விரைவாகப் போகும் என்பது ஒரு பக்கம். தரையில் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் ஊறாது என்று விவசாயிகள் எதிர்த்தது இன்னொரு பக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. எது எவ்வளவு என்று நாளைக்குப் பேச வேண்டுமென்றால், மண்கரையாக இருந்த நாளில் கிணற்று மட்டமும் கரையும் எப்படி இருந்தன என்பதற்குச் சாட்சி வேண்டும்.

இந்த இடத்தில் நான் கஜாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்த புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னையை ஒரே ராத்திரியில் படுக்கவைத்தது. மறுநாளிலிருந்து எல்லோரும் படமெடுத்தார்கள். விழுந்த தென்னையின் படம் லட்சக்கணக்கில் இருக்கும். நின்ற தோப்பின் படம் யாரிடம் இருக்கிறது? கல்யாணப் படத்தின் ஓரத்தில், பேரன் மிதிவண்டி ஓட்டுகிற படத்தின் பின்னால், தற்செயலாக நாலு மரம் தெரிந்தால் உண்டு. எத்தனை மரம், எவ்வளவு உயரம், எந்த வரிசை, கொட்டகை எங்கே, மோட்டார் எங்கே என்பதற்கு வாய்வார்த்தைதான் மிச்சம். அழிந்ததைப் படமெடுக்க அழிவே நம்மை அழைத்துக்கொண்டு போகிறது. நன்றாக இருக்கிறபோது எடுக்கத்தான் ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது. ஒன்றுமே நடக்காத நாளின் படம் வீண் என்று நினைக்கிறவர்களுக்கு என் பதில் கஜாதான்.

இதில் பணக் கணக்கும் உண்டு. பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி போன்ற தனிப்பட்ட சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சேதத்துக்கு முந்தின வாரம் அதே வயல் எப்படி இருந்தது என்கிற படம், தேதியோடு, கையில் இருக்கும் விவசாயி கொஞ்சம் நிமிர்ந்து பேசலாம்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். குனிந்து நடுகிற பெண்களின் படம் நம் காலண்டர்களில், மலர்களில், அரசு விளம்பரங்களில் எத்தனை முறை வந்திருக்கிறது! வண்ணச் சேலைகள் வரிசையாக, பின்னாலிருந்து. எந்தப் படத்திலாவது பெயர் இருந்து பார்த்ததுண்டா? இதே தஞ்சாவூரில் பெரியகோயில் திருச்சுற்று மதிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குறிப்பிடுகிறது. ஒவ்வொருவர் பெயர், அவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கல்லில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன் உளியால் பெயர் எழுதி வைத்த ஊரில், விரலைத் தொட்டால் பெயர் எழுதலாம் என்கிற காலத்தில், நாம் ‘நடவுப் பெண்கள்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

ஆகவே மதகடிப் படத்தில் ஆள் வந்தால் நான் இரண்டு விஷயம் செய்கிறேன். முதலில் கேட்பது. வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுவது. நடவுக்கு வந்த ஓர் அக்கா, “எங்க போடுவீங்க? பேப்பர்லயா, போன்லயா?” என்று விசாரித்துவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்று, நேராகக் கேமராவைப் பார்த்தார். குனிந்த முதுகுகளையே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அந்த நேர்ப்பார்வை ஒரு பாடம். இரண்டாவது, அவர்கள் சொன்னபடி பெயரை எழுதிக்கொண்டு, படத்தைக் காகிதத்தில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுப்பது. போனில் அனுப்பினால் போதாதா என்று கேட்பார்கள். போன் உடையும், நம்பர் மாறும். காகிதம் வீட்டில் இருக்கும்.

போனை நம்புவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. போன் எடுக்கிற படத்துக்குள் தேதி, நேரம், சில சமயம் இடம் எல்லாம் மறைந்து உட்கார்ந்திருக்கும். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியதும் படம் சுருங்குகிறது, அந்தக் குறிப்பும் உதிர்ந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் அது எந்த ஊர், எந்த வருஷம் என்று தெரியாத ஒரு பச்சை வயல். பழைய ஸ்டுடியோக்காரர் நெகட்டிவ் உறையில் நம்பரும் தேதியும் பென்சிலால் எழுதி வைத்தார். அந்த ஒழுக்கம் நமக்கு இல்லை. ‘தஞ்சாவூர் மாவட்டம்’ என்று மட்டும் எழுதினாலும் போதாது. 1991 வரைக்கும் அந்தப் பெயருக்குள் கோடியக்கரையும் அடக்கம், மாயவரமும் அடக்கம். அதற்குப் பிறகு நாகப்பட்டினம், 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை என்று பிரிந்துகொண்டே வந்தது. மாவட்டப் பெயர் மாறும்; ஊர்ப் பெயரும் வாய்க்கால் பெயரும் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. மதகுக்கும் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் இருக்கும். கேட்டு எழுதினால் அந்தப் பெயரும் பிழைக்கும்.

விடாமல் எடுப்பது கஷ்டம்தான். ஐப்பசி அடைமழையில் குடையைப் பிடிப்பதா, போனைப் பிடிப்பதா என்று இருக்கும். சித்திரையில் வாய்க்கால் வறண்டு, வயல் வெடித்து, எடுக்க ஒன்றுமில்லை என்று தோன்றும். அந்தக் கோடைப் படங்களைத்தான் இப்போது நான் அதிகம் திரும்பப் பார்க்கிறேன். வறண்ட வாய்க்காலில்தான் அடித்தரை தெரிகிறது: எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே கரை உடைந்து மூட்டை அடுக்கினார்கள், தூர் வாரினேன் என்று கணக்கு எழுதிய இடத்தில் வாரியிருக்கிறதா. தண்ணீர் நிறைந்து பளபளக்கிற நாளில் இவை எதுவும் தெரியாது.

உங்கள் ஊரிலும் ஒரு மதகு இருக்கும். இல்லையென்றால் குளத்துப் படித்துறை, களம், கொள்முதல் நிலையத்து வாசல், பேருந்து நிற்கிற புளியமரம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், இடத்தை மாற்றாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்தால் முறை வைத்துக்கொண்டு எடுப்பார்கள். ஊர், வாய்க்கால் பெயர், தேதி, படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயர்: இந்த நாலையும் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு முறை வேறொரு இடத்தில் நகல் போட்டு வையுங்கள். வருஷம் முடிந்ததும் பன்னிரண்டு படங்களையாவது காகிதத்தில் அச்சிட்டு, பின்பக்கம் விவரம் எழுதி, ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒப்படையுங்கள். வரும் ஜூன் மாதம் மேட்டூர் திறந்தாலும், திறக்காவிட்டாலும், உங்கள் வாய்க்காலை எடுக்கத் தொடங்க அதுவே நல்ல மாதம்.